மன்றோ என்றால் எந்த மன்றோ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் அண்ணா சாலை தொடங்கும் இடத்தில், தீவுத்திடலை ஒட்டி, நடுச்சாலையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் வெண்கல மனிதரைப் பார்க்காமல் யாரும் கோட்டைப் பக்கம் போயிருக்க முடியாது. ஊரைச் சுற்றிக் காட்ட நண்பர்களையும் சொந்தக்காரப் பிள்ளைகளையும் அழைத்துப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் கேள்விகள் வரும். ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு, ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தெரிந்தது. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன்.

சிலையில இருக்கிற மன்றோ யாருங்க? கவர்னரா, ராணுவக்காரரா?

இரண்டும்தான். இவர் சர் தாமஸ் மன்றோ. 1761-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். அப்பா வர்ஜீனியாவோடு வியாபாரம் செய்தவர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் அந்த வியாபாரம் நொடித்துப்போனது. பிள்ளை 1780-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 1792 முதல் ஏழாண்டுகள் பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில், அலெக்சாண்டர் ரீடுக்குக் கீழே வரி நிர்வாகம் பார்த்தார். பிறகு கனரா. அதன்பின் 1800 முதல் 1807 வரை கடப்பை, பெல்லாரி, அனந்தப்பூர், கர்நூல் பகுதிகளின் கலெக்டர். 1820 முதல் 1827-இல் இறக்கும்வரை சென்னை மாகாண கவர்னர்.

பள்ளிக்கூடத்தில் படித்த ‘ரயத்துவாரி முறை’ இவர் பெயரோடு சேர்ந்தது. ஜமீன்தாரை நடுவில் வைக்காமல், உழுகிறவர் பெயரிலேயே பட்டா எழுதி அவரிடமே வரி வாங்கும் முறை. அதைத் தொடங்கியவர் ரீடு. மாகாணம் முழுமைக்கும் கொள்கையாக்கப் போராடியவர் மன்றோ. வரிச்சுமையால் குடியானவர்கள் பட்ட பாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மண்ணின் மொழிகளையும் வழக்கங்களையும் கற்றுக்கொண்டு ஆண்ட வெகுசிலரில் அவர் ஒருவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1822-இல் மாகாணத்தில் எத்தனை திண்ணைப் பள்ளிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள் என்று விவரம் வந்தது. நம் ஊர்ப் பழைய கல்வியைப் பற்றி இன்று நடக்கும் விவாதமெல்லாம் அந்தக் கணக்கில் போய்த்தான் நிற்கிறது.

மன்றோவா, மன்ரோவா, முன்றோவா? எது சரியான எழுத்து?

மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ‘மன்றோ’ என்பதுதான் தமிழில் ஊன்றிப்போன எழுத்து. ‘மன்றம்’ போல அதையும் ‘ன்ற’ ஒலித்துச் சொல்லிவிடுகிறோம். ஆங்கில ஒலிக்கு ‘மன்ரோ’ இன்னும் பக்கம். இந்தப் பக்கத்தில் பழகிய எழுத்தையே வைத்துக்கொள்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் இந்தப் பெயரைப் பல விதமாக எழுதுகிறார்கள். சென்னை கவர்னரின் எழுத்து வேறு, அமெரிக்க அதிபரின் எழுத்து வேறு. தமிழுக்கு வரும்போது எல்லாரும் ஒரே ‘மன்றோ’ ஆகிவிடுகிறார்கள். குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

இது ஆளோட பேரா, சாதிப் பேரு மாதிரி குடும்பப் பேரா?

குலப்பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தின் வடக்கே, குரோமார்ட்டி கடற்கழியை ஒட்டிய கிழக்கு ராஸ் பகுதியில் மன்றோ குலத்தார் வாழ்ந்தார்கள். குலத்தலைவரின் இருப்பிடம் ஃபவுலிஸ் கோட்டை. இவர்களின் முன்னோர் அயர்லாந்தில் ரோ ஆற்றங்கரையிலிருந்து வந்தவர்கள், அந்த ஆற்றின் பெயர்தான் குலப்பெயருக்குள் இருக்கிறது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

பங்காளிகள் பெருகப் பெருக, எந்தப் பண்ணையைச் சேர்ந்த மன்றோ என்று ஊர்ப்பெயர் சேர்த்துச் சொல்வார்கள்: நோவர் மன்றோ, டீனினிச் மன்றோ, லிண்டெர்டிஸ் மன்றோ என்று. நம் ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் ‘மேலத்தெரு முருகேசன்’, ‘களத்துவீட்டு முருகேசன்’ என்பதைப் போல. இந்த மூன்று ஊர்ப்பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மூன்றும் வரும்.

கொல்லம் பக்கத்துல மன்றோ தீவுக்குப் படகுல போனோமே, அதுவும் இந்த கவர்னர் பேருதானே?

இல்லை. அதிகம் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். அது கர்னல் ஜான் மன்றோவின் பெயர். டீனினிச் மன்றோ. 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது கம்பெனியின் பிரதிநிதியாக, இருந்தவர். நடுவில் 1811 முதல் 1814 வரை ராணி கௌரி லட்சுமிபாய்க்குத் திவானாகவும் இருந்தார். ஒருபக்கம் ராணியின் திவான், மறுபக்கம் கம்பெனியின் ஆள். அவர் கையில் எவ்வளவு அதிகாரம் குவிந்திருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அடிமைகளை வாங்கி விற்பதைத் தடைசெய்த 1812 ஆணை இந்தக் காலத்தது. கோயில்களின் சொத்து நிர்வாகம் அரசின் கைக்குப் போனதும் அப்போதுதான்.

கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்தில் வண்டல் சேர்ந்து உண்டான தீவுக்கூட்டம் அது. மலையாளத்தில் ‘மன்றோ துருத்து’. அங்கே போகும் தமிழர்கள் ‘துருத்து’ என்ற சொல்லை அந்நியமாக நினைக்க வேண்டாம். ஆற்றிடைக்குறைக்குத் தமிழில் ‘துருத்தி’ என்று பெயர். தேவாரம் பாடிய திருத்துருத்தியும் திருப்பூந்துருத்தியும் அந்தச் சொல்லில் பிறந்த ஊர்கள்தான். காவிரிக் கரையில் மறந்துபோன சொல் காயல் கரையில் ரயில் நிலையப் பலகையில் உயிரோடு இருக்கிறது. எனக்கு அந்தத் தீவில் ஆளின் பெயரைவிட இந்தச் சொல்தான் பெரிது.

அப்போ கன்னியாகுமரி மாவட்டத்து வரலாற்றுல வர்ற மன்றோ யாரு?

அதே ஜான் மன்றோதான். குமரி மாவட்டம் அன்றைக்குத் தென்திருவிதாங்கூர். கிறித்தவர்களான பெண்கள் மேலுடை அணியலாம் என்று 1810-களில் வந்த ஆணை இவருடையது. தோள்சீலைப் போராட்டத்தின் முதல் அத்தியாயம் அந்த ஆணையிலும் அதற்கு எழுந்த எதிர்ப்பிலும் தொடங்குகிறது. நாகர்கோவிலில் லண்டன் மிஷனுக்கு ராணியிடம் சொல்லி நிலமும் வீடும் கிடைக்கச் செய்தவரும் இவர்.

சிலர் திருவிதாங்கூர்த் திவான் வேலுத்தம்பி தளவாயோடு மோதியவர் மன்றோ என்கிறார்கள். அது 1809-இல், மெக்காலே என்ற ரெசிடெண்ட் காலத்தில் நடந்தது. மன்றோ அதற்குப் பிறகு வந்தவர்.

காஞ்சிபுரம் கோயில் குளத்துல பீரங்கியைத் தள்ளிட்டு ஓடினவரும் மன்றோன்னு சொல்றாங்களே?

அவர் மூன்றாவது ஆள்: சர் ஹெக்டர் மன்றோ. நோவர் மன்றோ. 1764-இல் பக்சார் போரில் வென்று கம்பெனிக்கு வங்காளத்தை உறுதிசெய்தவர். அதே ஆண்டு, போருக்குமுன், கீழ்ப்படிய மறுத்த 24 சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுச் சிதறடித்தவரும் அவரே. 1778-இல் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார்.

1780 செப்டம்பர் 10-ஆம் தேதி பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை வளைத்து அழித்தார்கள். சில மைல் தொலைவில், காஞ்சிபுரத்தில், ஹெக்டர் மன்றோ பெரும்படையோடு இருந்தார். உதவிக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. செய்தி கிடைத்ததும் கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். பக்சாரின் வெற்றிவீரருக்கு அது பெரிய அவமானம்.

இனி ஒரு விஷயம். அந்தப் படையில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். சென்னைக்கு வந்து சில மாதங்களே ஆன தாமஸ் மன்றோ. பின்னாளில் சிலையானவர் அந்தப் பின்வாங்கலை நேரில் நடந்து கடந்தவர். இருவரும் தூரத்து உறவினர் என்று சொல்லப்படுவதும் உண்டு. ஆக, ‘காஞ்சிபுரத்தில் மன்றோ இருந்தார்’ என்று எழுதினால் இரண்டு மன்றோவுக்கும் அது பொருந்தும்.

ஸ்காட்லாந்துல ஒரு மலைமேல நம்ம நாகப்பட்டினம் வாசல் இருக்குதாமே, நிஜமா?

நிஜம். 1781 நவம்பரில் ஹெக்டர் மன்றோ டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். காஞ்சிபுரத்தில் போன பெயரை நாகையில் மீட்டுக்கொண்டார் என்று சொல்லலாம். ஊர் திரும்பியபின் தம் நோவர் பண்ணைக்கு அருகே, ஆல்னஸ் ஊருக்கு மேலே இருக்கும் ஃபைரிஷ் குன்றின் உச்சியில் கல்லால் வளைவு வாயில்கள் கொண்ட நினைவுச்சின்னம் கட்டினார். நாகப்பட்டினக் கோட்டை வாயிலின் சாயலில் கட்டியது என்பதே அந்த ஊர் வழக்கு.

வேலையில்லாமல் வாடிய ஊர்மக்களுக்குக் கூலி கொடுப்பதற்காகக் கட்டியதாகவும் சொல்வார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று மேலே ஏற்றிய கற்களை அவரே உருட்டிவிட்டார் என்று ஒரு கதையும் உண்டு. கதை எப்படியோ, கட்டடம் நிற்கிறது. நாகைக்காரர்கள் அந்தப் பக்கம் போனால் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். நம் கடற்கரை ஊர் ஒன்றின் வாயிலை வட ஸ்காட்லாந்தின் குளிர்காற்றில் பார்ப்பது சாதாரண விஷயமல்ல.

அதே ஆல்னஸ் ஊரில்தான் டீனினிச்சும் இருக்கிறது. நாகையைப் பிடித்தவரும் திருவிதாங்கூரை ஆட்டிவைத்தவரும் அடுத்தடுத்த பண்ணைக்காரர்கள்.

திப்புவோட புலி பொம்மையில கடிபடற வெள்ளைக்காரர் மன்றோவா?

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் மரப்புலி அது. ஒரு வெள்ளைக்காரனைப் புலி கடிக்கும். கைப்பிடியைச் சுற்றினால் உறுமலும் முனகலும் கேட்கும். 1792 டிசம்பரில் வங்காளத்தின் சாகர் தீவில் ஹெக்டர் மன்றோவின் மகனைப் புலி அடித்துக் கொன்றது உண்மை. தன்னையும் தன் தந்தையையும் எதிர்த்துப் போரிட்டவரின் மகன் என்பதால் திப்பு இதைச் செய்வித்தார் என்று ஒரு கருத்து பரவியது. ஆனால் புலி திப்புவின் அரச முத்திரை. அந்த மரணத்துக்கு முன்பே அவர் எல்லாவற்றிலும் புலியைப் பொறித்தவர். தொடர்பு இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்லாமல் இருப்பதே நல்லது.

சிலையில அங்கவடி இல்லையே! சிற்பி மறந்துட்டு, அப்புறம் தற்கொலை பண்ணிக்கிட்டாராமே?

இந்தக் கதையை நானும் சிறுவயதில் நம்பினேன். அங்கவடி, அதாவது குதிரைமேல் இருப்பவர் கால் வைக்கும் வளையம், இல்லை என்பது உண்மை. மற்றது கட்டுக்கதை. சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி, அன்றைய இங்கிலாந்தில் முதல் வரிசைச் சிற்பி. சென்னைச் சிலை நிறுவப்பட்டது 1839-இல். அவர் இறந்தது 1841-இல், நோயால்.

மறதியா என்பதற்குப் பதில் லண்டனில் இருக்கிறது. டிராஃபல்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையும், ராயல் எக்ஸ்சேஞ்ச் முன்னால் வெலிங்டன் பிரபு சிலையும் சாண்ட்ரி வடித்தவைதான். அவற்றிலும் அங்கவடி கிடையாது. மூன்று முறை ஒருவர் ஒரே பொருளை மறக்கமாட்டார். பழைய ரோமானியக் குதிரைச் சிலைகளில் அங்கவடி இருக்காது. அந்தப் பாணியை விரும்பிச் செய்திருக்கிறார் என்று கொள்வதுதான் பொருத்தம்.

மந்திராலயத்துல ராகவேந்திரரோட பேசினது எந்த மன்றோ?

தாமஸ் மன்றோ. ஆனால் கவர்னராக அல்ல, முதல் பதிலில் சொன்ன கலெக்டர் காலத்தில். மடத்தின் மானிய நிலத்தை அரசு எடுத்துக்கொள்வது பற்றி விசாரிக்கப் போனபோது, பிருந்தாவனத்துக்குள்ளிருந்து ராகவேந்திரர் அவருக்கு மட்டும் காட்சி தந்து பேசினார், நிலம் மடத்துக்கே விடப்பட்டது என்பது பக்தர்கள் போற்றும் வரலாறு. திருமலைக் கோயிலில் நைவேத்தியம் வைக்கும் ஒரு பெரிய பாத்திரத்துக்கு ‘மன்றோ கங்காளம்’ என்று பெயர். ராயலசீமையில் பிள்ளைகளுக்கு ‘மன்றோலப்பா’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு கலெக்டரின் குலப்பெயர் தெலுங்குக் குடியானவர் வீட்டில் குழந்தைப் பெயராவது லேசில் நடப்பதில்லை.

அவரு சமாதி பத்திகொண்டாவுலயா, கூட்டியிலயா, சென்னையிலயா?

மூன்று ஊருக்கும் பங்கு உண்டு. கவர்னர் பொறுப்பை விட்டு ஊர் திரும்பும் முன், தாம் கலெக்டராக இருந்து நேசித்த மாவட்டங்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரக் கிளம்பினார். பத்திகொண்டாவில் 1827 ஜூலை 6-ஆம் தேதி காலரா கண்டு இறந்தார். கூட்டியில் அடக்கம் செய்தார்கள். 1831-இல் எலும்புகளைக் கொண்டுவந்து சென்னை ஜார்ஜ் கோட்டையின் செயிண்ட் மேரி தேவாலயத்தில் வைத்தார்கள். சிலையிலிருந்து நடக்கும் தூரம்தான்.

ஸ்காட்லாந்துல இருக்கிற என் பையன் ‘இதுவரை பதினோரு மன்றோ ஏறிட்டேன்’ங்கிறான். அது என்ன?

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு, அதாவது 914.4 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளுக்கு ‘மன்றோ’ என்றுதான் பெயர். இப்போதைய பட்டியலில் 282 இருக்கின்றன. மிக உயரமானது 1,345 மீட்டர் உள்ள பென் நெவிஸ். எல்லாவற்றையும் ஏறி முடிப்பதை வாழ்நாள் லட்சியமாக வைத்திருப்பவர்கள் ஏராளம். உங்கள் மகன் நல்ல சங்கதியில்தான் இறங்கியிருக்கிறார்.

பட்டியலை முதலில் போட்டவர் சர் ஹியூ மன்றோ. 1891-இல் ஸ்காட்டிஷ் மலையேறிகள் சங்கத்தின் இதழில் அது வெளியானது. அதற்குமுன் அப்படிப்பட்ட மலைகள் மிகச் சிலவே என்று எண்ணியிருந்தார்கள். அவர் 283 தனி மலைகளைக் காட்டினார். முதலில் முழுப்பட்டியலையும் முடித்தவராக 1901-இல் பாதிரியார் ராபர்ட்சனைச் சொல்கிறார்கள். ஹியூ மன்றோவால் முடிக்க இயலவில்லை. ஸ்கை தீவில் செங்குத்தாக நிற்கும் ‘ஏற முடியாத முனை’ என்ற பாறை கடைசிவரை அவருக்கு வசப்படவில்லை.

மலைப் பட்டியல் போட்டவருக்கும் நம்ம சிலைக்காரருக்கும் சம்பந்தம் இருக்காது, இல்லையா?

இருக்கிறது. இதை முதலில் தெரிந்துகொண்ட அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. ஹியூ மன்றோ, தாமஸ் மன்றோவின் சொந்தப் பேரன். 1825-இல் தாமஸ் மன்றோவுக்குப் பரம்பரையாக வரும் பாரோனெட் பட்டம் கிடைத்தது. லிண்டெர்டிஸ் பண்ணையின் பெயரில் வந்தது அது. மூத்த மகன் தாமஸ் இரண்டாம் பாரோனெட். இளைய மகன் கேம்ப்பெல் மூன்றாமவர். அம்மா ஜேன் கேம்ப்பெல்லின் குலப்பெயர் அவருக்கு முதற்பெயரானது. கேம்ப்பெல்லின் மகன் ஹியூ, நான்காம் பாரோனெட். 1856-இல் பிறந்தவர் என்பதால் தாத்தாவைப் பார்த்ததில்லை.

தாத்தா பாராமகாலிலும் ராயலசீமையிலும் வயல் வயலாக அளந்து பதிவேடு போட்டார். பேரன் மலை மலையாக அளந்து பதிவேடு போட்டார். ஸ்காட்லாந்தில் வார இறுதிக்கு மலையேறும் ஒருவருக்குத் தம் வாயில் தினமும் வரும் சொல் சென்னையில் குதிரைமேல் உட்கார்ந்திருப்பது தெரியாது. சென்னையில் அந்தச் சிலையைச் சுற்றிப் போகும் பேருந்துப் பயணிக்கு மலைகளைத் தெரியாது.

மர்லின் மன்றோவும் இந்தக் குடும்பமா?

அவர் 1926-இல் பிறந்தபோது வைத்த பெயர் நார்மா ஜீன் மார்ட்டென்சன். 1946-இல் திரைக்காக வைத்துக்கொண்ட பெயர்தான் மர்லின் மன்றோ. ‘மன்றோ’ அவருடைய அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர். எழுத்தும் அமெரிக்க எழுத்து. சென்னை மன்றோவோடு சேர்க்க ஆதாரம் எதுவும் நான் கண்டதில்லை.

அமெரிக்க அதிபர் மன்றோ, மன்ரோவியா நகரம் எல்லாம்?

ஜேம்ஸ் மன்றோ அமெரிக்காவின் ஐந்தாம் அதிபர், 1817 முதல் 1825 வரை. அவருடைய முன்னோர் ஆண்ட்ரூ மன்றோ 17-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து வர்ஜீனியாவில் குடியேறியவர். ஆக, வேர் ஒன்றே. ‘அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பா தலையிடக் கூடாது’ என்ற 1823-ஆம் ஆண்டுக் கொள்கைக்கு இவர் பெயர். விடுதலையான கறுப்பின மக்கள் குடியேறிய லைபீரியாவின் தலைநகருக்கு 1824-இல் மன்ரோவியா என்று பெயரிட்டதும் இவருக்காகத்தான்.

லூசியானா மாநிலத்தில் மன்றோ என்றொரு நகரம் உண்டு. நேராக அதிபர் பெயரை வைக்கவில்லை. அந்த ஊருக்கு முதன்முதலில் வந்த நீராவிக் கப்பலின் பெயர் ‘ஜேம்ஸ் மன்றோ’. கப்பலைக் கண்ட மகிழ்ச்சியில் ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

ஆலிஸ் மன்றோ? கிரிக்கெட் ஆடற காலின் மன்றோ?

2013-இல் நோபல் பரிசு பெற்ற கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ பிறப்பால் லெய்ட்லா குடும்பம். 1951-இல் ஜேம்ஸ் மன்றோ என்பவரை மணந்து வந்த பெயர் அது. காலின் மன்றோ தென்னாப்பிரிக்காவில் பிறந்து நியூசிலாந்துக்கு ஆடியவர். சாகி என்ற புனைபெயரில் எழுதிய ஹெக்டர் ஹியூ மன்றோ 1870-இல் பர்மாவின் அக்யாபில் பிறந்து, 1916-இல் பிரான்ஸ் போர்க்களத்தில் இறந்தார். மேலே பார்த்த ஹெக்டர், ஹியூ இருவர் பெயரும் ஒருவரிடமே இருப்பதால் தேடும்போது கவனம் தேவை.

பழைய ஆவணத்துல ‘கர்னல் மன்றோ’ன்னு மட்டும் இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதுதான் உண்மையிலேயே கடினமான கேள்வி. தாமஸ், ஜான் இருவரும் சென்னைப் படையில் கர்னல். இருவரும் ஒரே காலத்தவர். 1814 முதல் 1819 வரையுள்ள ஆவணம் என்றால் பதவியை வைத்துப் பிரிக்கவே முடியாது. இடத்தைப் பாருங்கள். திருவனந்தபுரம், கொல்லம், கொச்சி, நாகர்கோவில் வந்தால் ஜான். கிராம முன்சீப், பஞ்சாயத்து, ஜில்லா நீதிமன்றம் என்று வந்தால் தாமஸ். அந்த ஆண்டுகளின் தொடக்கத்தில் அவர் சென்னையில் நீதித்துறைச் சீர்திருத்தத்துக்கான ஆணையத்தில் இருந்தார், 1816-ஆம் ஆண்டு விதிமுறைகள் அதன் விளைவு.

‘சர்’ என்று இருந்தால் ஆண்டைப் பாருங்கள். ஹெக்டர் 1779-இலேயே சர் பட்டம் பெற்று 1805-இல் இறந்தார். தாமஸ் பெற்றது 1819-இல். ‘ஜெனரல் மன்றோ’ என்று 1780, 1781-ஆம் ஆண்டுக் கடிதத்தில் வந்தால் ஹெக்டர்தான், சந்தேகமே வேண்டாம். அப்போது தாமஸ் படையில் புதுப்பையன், ஜானுக்கு நான்கு வயதுகூட நிரம்பியிருக்காது.